முதலில் படம், பிறகுதான் போன்

கேள்வி: அண்ணா, நான் விசுவமடுவில் இருக்கிறேன். தையல் வேலை செய்கிறேன். மூன்று வருடமாக ஒரு அண்ட்ராய்டு போன் பாவிக்கிறேன். "இடம் இல்லை, இடம் இல்லை" என்று அது கன நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. போன கிழமை அப்டேட் ஒன்று போட்டேன். அரைவாசியில் அசையாமல் நின்றது. ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு மகன் பட்டனை அமத்தி அணைத்துவிட்டான். அதற்குப் பிறகு கம்பனியின் பெயர் வருகிறது, அணைகிறது, திரும்பவும் பெயர் வருகிறது. அவ்வளவுதான். டவுனில் ஒரு கடையில் காட்டினேன். "சொப்ட்வெயார் அடிக்க வேணும், உள்ளுக்கு இருக்கிறது எல்லாம் போகும்" என்றார்கள். நான் வேண்டாமென்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதில் என் அண்ணாவின் படம் இருக்கிறது. 2009 இல் எங்கள் அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. வவுனியாவில் மாமி வீட்டுச் சுவரில் இருந்த ஒரேயொரு படத்தைப் போன வருடம் இந்தப் போனால்தான் எடுத்தேன். பிறகு மாமி வீட்டுப் படத்தைக் கறையான் அரித்துவிட்டது. போன் திருந்தாவிட்டாலும் பரவாயில்லை, படம் வேண்டும். யூடியூப் பார்த்துத் தானே செய்து பார்க்கிறேன் என்கிறான் மகன். விடலாமா?

பதில்:

தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். "போன் திருந்தாவிட்டாலும் பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி பெரிய உதவி. எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று திருத்துகிறவனுக்கு அது சொல்லிவிடுகிறது. கடையில் வேண்டாமென்று சொல்லிப் போனைத் திருப்பி வாங்கி வந்தீர்களே, அதுவும் மிகச் சரியான வேலை. படம் இன்னமும் உள்ளேதான் இருக்கிறது என்று நான் நம்புவதற்கு அதுதான் காரணம்.

இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும்வரை போனைச் சும்மா வையுங்கள். அது தானாக எழும்பி எழும்பி அணைந்துகொண்டிருந்தால் சார்ஜில் போடாமல் விடுங்கள், பற்றரி இறங்கி நின்றுவிடும். சில நாள் அப்படிக் கிடப்பதால் படம் கரைந்து போகாது. அவசரப்பட்டு யாராவது அமத்துகிற ஒரு பட்டனால்தான் போகும். மகனை ஏசவும் வேண்டாம். ஒரு மணித்தியாலம் அசையாமல் நின்ற போனை அணைத்துப் பார்க்கத்தான் எல்லாருக்கும் தோன்றும். இடமில்லாமல் முட்டிப்போயிருந்த போனில் அப்டேட் தொடங்கியதுதான் பிழையின் வேர் என்று நினைக்கிறேன்.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். அது விளங்கினால்தான் கடைக்காரர் சொல்வதில் எதற்கு ஓம் என்பது, எதற்கு வேண்டாம் என்பது என்று உங்களுக்கே தெரியும்.

போனின் நினைவகத்தை ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் விறாந்தையும் வாசலும் கம்பனி கட்டியவை. அண்ட்ராய்டு என்பது அந்தப் பகுதிதான். உங்கள் படம், வட்ஸ்அப், தொலைபேசி எண்கள் எல்லாம் உள்ளறையில் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அப்டேட் என்பது வாசலைக் கழற்றிப் புது வாசல் வைக்கிற வேலை. கழற்றிய நேரத்தில் வேலை நின்றுவிட்டது. ஒவ்வொரு தரம் எழும்பும்போதும் போன் தன்னுடைய வாசல் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும். கணக்குப் பிழைத்தால் மேலே போகாமல் நின்று, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும். நீங்கள் பார்க்கிற அந்தப் பெயர் வருவதும் அணைவதும் இதுதான். டிரங்குப் பெட்டியை யாரும் இன்னும் தொடவில்லை.

சரி, வாசலை விட்டுவிட்டு ஓட்டைப் பிரித்து இறங்கிப் பெட்டியை எடுத்தால் என்ன? முந்திய போன்களில் அப்படிச் செய்தோம். மெமரி சிப்பைக் கழற்றி வேறொரு கருவியில் வைத்து வாசித்தால் படம் வரும். இப்போது வராது. 2019 இல் அண்ட்ராய்டு 10 வந்த பிறகு, புதிதாக அதனோடு வெளிவரும் போன்களில் உள்ளே இருப்பவை எல்லாம் கட்டாயம் பூட்டி எழுதப்படுகின்றன. பூட்டின் சாவி அந்தப் போனின் பிராசசருக்குள் ஒரு தனி இடத்தில் இருக்கிறது. நீங்கள் உங்கள் பின் நம்பரையோ பேட்டர்னையோ போடும்போதுதான் அது திரும்பும். மூன்று வருடத்துக்கு முன் புதிதாக வாங்கியது என்றால் உங்கள் போனும் அநேகமாக இந்த வகைதான். அதனால் சிப்பைக் கழற்றிப் படம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள். சிப்புக்குள் இருப்பது, சாவி இல்லாமல் யாராலும் வாசிக்க முடியாத எழுத்து.

ரீசெட் செய்தால் அந்தச் சாவியே எறியப்படுகிறது. பெட்டி கிடந்தாலும் இனித் திறக்காது. "ரீசெட் பண்ணிப்போட்டுப் பிறகு ரிகவரி சொப்ட்வெயார் போட்டு எடுக்கலாம்" என்பது பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்திய கதை. இந்தப் போன்களில் அது நடக்காது.

ஆக, அந்தப் போனிலிருந்து படத்தை எடுக்க ஒரே வழிதான் இருக்கிறது. பெட்டியைத் தொடாமல் வாசலை மட்டும் திருத்திப் போனை எழுப்ப வேண்டும். நீங்கள் உங்கள் கையால் பின் நம்பரைப் போட்டு உள்ளே போக வேண்டும்.

போனில் கை வைக்க முன், அதே படம் வேறெங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்ப்போம். இதைத்தான் ஆட்கள் கடைசியாக நினைக்கிறார்கள். எத்தனையோ தரம் நான் போனைக் கையில் எடுக்காமலே படம் கிடைத்திருக்கிறது.

படம் எடுத்த அன்றே வெளிநாட்டில் இருக்கிற யாருக்காவது வட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பீர்களா? அண்ணாவின் படம் கிடைத்தது என்றால் கனடாவிலோ பிரான்சிலோ இருக்கிற சொந்தத்துக்கு அனுப்பாமல் இருக்க மாட்டீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அவர்களிடம் கேளுங்கள். "போன வருடம் நான் அனுப்பின படம்" என்று மட்டும் கேட்டால் இல்லை என்பார்கள். உங்கள் பெயரில் உள்ள வட்ஸ்அப் உரையாடலைத் திறந்து, மேலே பெயரைத் தட்டி, அதில் படங்கள் சேர்ந்திருக்கும் இடத்தில் மாதம் மாதமாகப் பின்னால் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். போனின் கலரியிலும் வட்ஸ்அப் படங்கள் தனியாக இருக்கும். குடும்பக் குரூப்பில் போட்டிருந்தால் இன்னும் நல்லது, அத்தனை பேரின் போனிலும் தேடலாம். நினைவு நாளுக்குப் பிரேம் போடுவதற்காக ஸ்டூடியோ எதற்காவது அனுப்பினீர்களா? அவர்களுடைய கொம்பியூட்டரில் வருடக் கணக்கில் கிடக்கும். காணாமல்போனோர் அலுவலகத்துக்கோ மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கோ ஏதாவது விண்ணப்பத்தோடு பிரதி கொடுத்திருந்தால் அதன் கோவையிலும் இருக்கும்.

அடுத்தது கூகுள் போட்டோஸ். உங்கள் ஜிமெயில் முகவரியும் பாஸ்வேர்டும் தெரிந்தால் வேறொருவரின் போனிலோ கொம்பியூட்டரிலோ அந்தக் கணக்கால் கூகுள் போட்டோசுக்குள் போய்ப் பாருங்கள். பேக்கப் போடப்பட்டிருந்தால் அண்ணா அங்கேயே இருப்பார். அது தானாக எல்லாருக்கும் போட்டிருக்காது. போன் வாங்கிய அன்று யாராவது "ஓம்" என்று தட்டிவிட்டிருந்தால்தான் உண்டு. ஆனாலும் பார்க்காமல் விடாதீர்கள், தெரியாமலே பேக்கப் ஆகிக்கொண்டிருந்த போன்கள் நிறைய. பாஸ்வேர்ட் தெரியாதென்றால், அந்தக் கணக்கில் கொடுத்த போன் நம்பரின் சிம் உங்களிடம் இருந்தால் அதற்கு ஒரு குறியீடு வரவழைத்துப் புதுப் பாஸ்வேர்ட் போட முடியலாம். சிம்மைக் கழற்றி மகனின் போனிலோ பக்கத்து வீட்டுப் போனிலோ போட்டு வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

மெமரி காட் போட்டிருந்தீர்களா? சிம் தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். காட் இருந்தால் ஒரு காட் ரீடரில் போட்டு வாசிக்கலாம், கமெரா அதில் படங்களைச் சேமித்திருக்கலாம். ஒரு எச்சரிக்கை. கொம்பியூட்டர் அல்லது வேறு போன் "இந்தக் காட்டை ஃபோர்மட் செய்யவா" என்று கேட்டால் வேண்டாமென்று சொல்லி அப்படியே கழற்றி விடுங்கள். போனின் உள் நினைவகத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட காட் வேறெங்கும் வாசிக்காது. போன் எழும்பினால் மட்டுமே வாசிக்கும். அதை ஃபோர்மட் செய்தால் அதுவும் போய்விடும்.

மாமி வீட்டுப் படத்தையும் எறிய விடாதீர்கள். முகம் மிஞ்சியிருந்தால் அதைக் கண்ணாடியிலிருந்து உரிக்காமல், துடைக்காமல், பிரேமோடு வெயிலில்லாத வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

இவை எதிலும் கிடைக்கவில்லை என்றால் போனுக்கு வருவோம்.

உண்மையிலேயே சொப்ட்வெயார்ப் பிழைதானா என்பதை முதலில் உறுதிப்படுத்த வேண்டும். வன்னியில் வருகிற போன்களில் நான் பார்க்கிற பெரிய எதிரி புழுதி. கிரவல் வீதியில் மோட்டார் சைக்கிளில் போகும்போது சட்டைப் பையில் இருக்கிற போனின் சார்ஜ் ஓட்டைக்குள் செம்மண் போய் இறுகிவிடும். நல்ல சார்ஜர் போட்டாலும் அரைகுறையாகத்தான் ஏறும். போதிய சார்ஜ் இல்லாத போனும் பெயர் காட்டி அணையும், பிறகு திரும்ப எழும்பும். அதைப் பார்த்து "சொப்ட்வெயார்" என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். போனை அணைத்து வைத்துக்கொண்டு, காய்ந்த ஈர்க்கின் நுனியால் ஓட்டைக்குள் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். ஊசி, சட்டைப்பின் வேண்டாம். உள்ளே தொடுகிற பகுதிகள் மிக மெல்லியவை, இரும்பு பட்டால் வளையும். பிறகு போனோடு வந்த சார்ஜரில், வீட்டுச் சுவர்ப் பிளக்கில், இரண்டு மணித்தியாலம் விடுங்கள். சோலரிலோ மோட்டார் சைக்கிள் பற்றரியிலோ போட வேண்டாம், கூடிக் குறைந்து வருகிற கரண்ட் இப்போது உதவாது.

பட்டன்களையும் பாருங்கள். பவர் பட்டன் புழுதியில் சிக்கி உள்ளே அமத்தியபடி நின்றால், நாள் முழுக்க யாரோ அதை அமத்திப் பிடித்திருப்பது போலத்தான் போனுக்கு. அதுவும் எழும்பி எழும்பி அணையும். தையல் வேலை செய்கிற உங்களுக்கு விரல் நுனியில் நிதானம் கூட. ஒவ்வொரு பட்டனையும் மெதுவாக அமத்தி விட்டுப் பாருங்கள். டிக் என்று போய் டிக் என்று திரும்பி வர வேண்டும். கவர் போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள். கவர் இறுகிப் பட்டனை அமத்திக்கொண்டிருந்த போன் ஒன்று எனக்கு முல்லைத்தீவிலிருந்து வந்திருக்கிறது. கவரைக் கழற்றியதும் எழும்பியது.

இதுவரை சொன்னதை வீட்டிலேயே செய்யலாம், மகனும் செய்யலாம். இனிச் சொல்வதை எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து செய்யுங்கள்.

சார்ஜ் ஏறிய பிறகு கட்டாயமாக அணைத்து எழுப்புவது ஒன்று. சாம்சங் என்றால் பவர் பட்டனையும் சத்தம் குறைக்கிற பட்டனையும் சேர்த்துத் திரை அணையும் வரை பிடிக்க வேண்டும், பத்து இருபது செக்கன் எடுக்கும். மற்றப் பெரும்பாலான போன்களில் பவர் பட்டனை மட்டும் நீளமாகப் பிடித்தால் போதும். இதனால் எதுவும் அழியாது. எழும்பும்போது சிம்மும் மெமரி காட்டும் வெளியே இருக்கட்டும். பழுதான காட் ஒன்றே போனை எழும்ப விடாமல் பிடித்து வைப்பதும் உண்டு.

அதிலும் வராவிட்டால் ரிகவரி என்கிற கறுப்புத் திரை. கம்பனியின் பெயரை நீங்கள் எழுதவில்லை, அதனால் எல்லாவற்றையும் சொல்கிறேன். அணைந்த போனில் சாம்சங்குக்கும் ரெட்மிக்கும் பவரும் சத்தம் கூட்டுகிற பட்டனும். ஒப்போ, ரியல்மிக்குப் பவரும் சத்தம் குறைக்கிற பட்டனும். புதிய சாம்சங் போன்களில் வயரால் ஒரு கொம்பியூட்டரோடு இணைத்திருந்தால்தான் இந்தத் திரை வரும். இது தெரியாமல் பட்டன் பழுது என்று நினைக்கிறவர்கள் பலர். அநேகமான ரிகவரித் திரைகளில் விரலால் தொட்டால் வேலை செய்யாது. சத்தப் பட்டன்களால் மேலே கீழே போக வேண்டும், பவர் பட்டனை அமத்தினால் தெரிவு செய்ததாக ஆகும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கோடு எந்த வரியில் நிற்கிறது என்று இரண்டு பேரும் வாய்விட்டு வாசித்த பிறகுதான் பவர் பட்டனில் விரல் வைக்க வேண்டும்.

"வைப் டேட்டா" என்றோ "ஃபக்டரி ரீசெட்" என்றோ எழுதியிருக்கும் வரிப் பக்கமே போக வேண்டாம். அண்ணாவின் படத்தை அழிக்கிற வரி அதுதான். "ரீபூட் சிஸ்டம் நவ்" என்றால் திரும்ப எழும்பு என்று மட்டும் அர்த்தம், அதைச் செய்யலாம். "வைப் கேஷ் பார்ட்டிஷன்" என்று இருந்தால் அதையும் செய்யலாம். அது தற்காலிகக் குப்பையை மட்டும் கூட்டித் தள்ளும், படத்தைத் தொடாது. ஆனால் பெயர் "வைப்" என்றே தொடங்குவதால் மற்றதோடு மாறிவிடக்கூடும். அதனால்தான் வாய்விட்டு வாசிக்கச் சொல்கிறேன். எல்லாப் போனிலும் இந்த வரி இருக்காது. சாம்சங் சிலவற்றில் "ரிப்பேர் அப்ஸ்" என்று ஒன்று, "லக்கிங் ஸ்டோரேஜ் பூட்டிங்" என்று இன்னொன்று இருக்கும். இரண்டாவது, உள்ளே இடம் முட்டிப்போய் எழும்ப முடியாமல் நிற்கிற போன்களுக்காகவே வைத்தது. உங்கள் போன் கன நாளாக இடமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி இருந்தால் என் நம்பிக்கை பாதிக்கு மேல் அதில்தான்.

சில போன்களில் ரிகவரிக்குப் போக முதலே ஒரு பயமுறுத்தல் வரும். அண்ட்ராய்டை ஏற்ற முடியவில்லை, உங்கள் டேட்டா பழுதாகியிருக்கலாம் என்று ஆங்கிலத்தில் சொல்லி, கீழே இரண்டு வரி தரும். ஒன்று "ட்ரை அகெயின்", மற்றது ஃபக்டரி ரீசெட். "டேட்டா பழுது" என்றதும் படம் போய்விட்டது என்று மனம் உடைந்து இரண்டாவதை அமத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது "பழுதாகியிருக்கலாம்" என்றுதான் சொல்கிறது. முதலாவதை நாலைந்து தரம் முயன்று பாருங்கள்.

இவ்வளவோடு மகனின் வேலை முடிந்தது. இதற்கு மேல் யூடியூப் வேண்டாம் என்று அன்பாகச் சொல்லுங்கள். அந்த வீடியோக்களில் அநேகமானவை போனை எழுப்புவதைத்தான் காட்டும், உள்ளே இருந்ததைப் பற்றி அவற்றுக்குக் கவலையில்லை.

இனிக் கடைக்கு வருவோம். "சொப்ட்வெயார் அடிக்கிறது" என்று நாங்கள் ஒரே பெயரில் சொல்கிற வேலை உண்மையில் இரண்டு வேலை. ஒன்று வாசலை மட்டும் புதிதாக வைப்பது. மற்றது வீட்டை அடியோடு இடித்துப் புதிதாகக் கட்டுவது. வாடிக்கையாளருக்கு இரண்டும் ஒரே பெயர்தான், பல கடைகளில் கேட்காமலே இரண்டாவதைச் செய்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. இடித்துக் கட்டினால் போன் அநேகமாக எழும்பும், நேரமும் குறைவு. வாசல் மட்டும் வைத்தால் சில வேளை எழும்பாமல் போகும், ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் உங்களுக்கு வேண்டியது முதலாவது வேலை, அதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

சாம்சங் போனுக்கு ஓடின் என்ற மென்பொருளால்தான் எழுதுவோம். கம்பனி மென்பொருள் நான்கு கோப்பாக வரும்: பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி. கடைசிக் கோப்பு இரண்டு விதமாகப் பொதிக்குள் இருக்கும். வெறும் சிஎஸ்சியைப் போட்டால் உள்ளே இருப்பது எல்லாம் அழியும். "ஹோம் சிஎஸ்சி" என்பதைப் போட்டால் உங்கள் பெட்டியைத் தொடாமல் மற்றதை எழுதும். ஒரு பெயர் வித்தியாசம்தான். கடைக்காரரிடம் "ஹோம் சிஎஸ்சி போட்டு அடிப்பீர்களா" என்று கேளுங்கள். விளங்கினால் அவருக்கு வேலை தெரியும். உங்கள் போனின் மொடல் இலக்கத்துக்கே உரிய, ஏற்கெனவே இருந்ததைவிடப் பழையதல்லாத மென்பொருளாக அது இருக்க வேண்டும். பல ஜிபி கோப்பு, இறக்கவே நேரம் போகும். அன்றே வேண்டுமென்று அவரை நெருக்காதீர்கள்.

ரெட்மி என்றால் கதை வேறு. ரெட்மிக்கு எழுதுகிற மென்பொருளின் அடியில் "கிளீன் ஓல்", "சேவ் யூசர் டேட்டா", "கிளீன் ஓல் அண்ட் லொக்" என்று மூன்று தெரிவு இருக்கும். நடுவில் உள்ளதுதான் வேண்டும். ஆனால் போனை முதலில் எழுப்புகிற பூட்லோடர் என்ற சிறு மென்பொருள், கம்பனியிலிருந்து வந்தபடி பூட்டியிருந்தால் சாதாரணமாக எழுத விடாது. "பூட்லோடரை அன்லொக் பண்ணிவிட்டு அடிக்கலாம்" என்று சொல்வார்கள். அன்லொக் செய்கிற அந்தச் செயலே எல்லாவற்றையும் அழிக்கும். ஓம் சொல்ல வேண்டாம். அப்படியான போனைக் கம்பனியின் அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையத்துக்கே கொண்டு போக வேண்டும். போன உடனேயே "டேட்டா அழிக்கக் கூடாது" என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அங்கும் கேட்காவிட்டால் வழமையாக அழித்துத்தான் திருத்துவார்கள்.

மீடியாடெக் சிப் உள்ள மலிவுப் போன்களில் "டவுன்லோட் ஒன்லி" என்றும் "ஃபோர்மட் ஓல்" என்றும் தெரிவுகள் உண்டு. இரண்டாவதைப் போட்டால் படத்தோடு, போனின் அடையாளமான ஐஎம்இஐ இலக்கமும் போய்விடக்கூடும். அதற்குப் பிறகு சிம் போட்டாலும் சிக்னல் வராது.

நான் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். தொழில் தொடங்கிய காலத்தில் முழங்காவில் பக்கத்திலிருந்து ஒரு ஐயா போன் கொண்டு வந்தார். உங்களுடையது மாதிரியே பெயரில் நின்ற போன். நான் எதுவும் கேட்கவில்லை. அரை மணித்தியாலத்தில் புதுப் போன் மாதிரி எழுப்பிக் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, மனுசி தேவாரம் படிச்சது ஒண்டு இதுக்குள்ள இருந்ததே" என்றார். அவருடைய மனைவி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் என்னை ஏசவில்லை. காசையும் தந்துவிட்டு வாங்கிலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார். அந்தத் தேவாரத்தை நான்தான் அழித்தேன். அன்றிலிருந்து என் கடைத் துண்டில், பெயருக்கும் மொடலுக்கும் முதல், "உள்ளே என்ன இருக்கிறது?" என்று ஒரு வரி இருக்கிறது. அதை எழுதாமல் எந்தப் போனையும் நான் திறப்பதில்லை.

உங்கள் கூகுள் கணக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் போன் வாங்கும் அன்று கடைப் பெடியனே ஒரு ஜிமெயில் திறந்து, தான் நினைத்த பாஸ்வேர்ட் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிடுகிறான். வாங்கியவருக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. என்றாவது போனை ரீசெட் செய்ய நேர்ந்தால், முன்பு இருந்த அதே கணக்கையும் பாஸ்வேர்டையும் போன் கேட்கும். களவெடுத்தவர்கள் பாவிக்காமல் இருப்பதற்கான பூட்டு அது. தெரியாவிட்டால் சொந்தப் போனே உங்களைக் கள்ளராக நினைத்து வெளியில் நிறுத்திவிடும். எனவே படம் கிடைத்த பிறகு போனையும் பாவிக்க வேண்டுமென்றால் இந்தக் கணக்கை இப்போதே கண்டுபிடித்து வையுங்கள். போன் வாங்கிய கடை இன்னும் இருந்தால் போய்க் கேளுங்கள்.

போன் எழும்பினால் என்ன செய்வது என்பதையும் இப்போதே தீர்மானித்து வைத்திருங்கள். அந்த நேரத்தில் கையும் ஓடாது, காலும் ஓடாது. பின் நம்பரை அவசரமில்லாமல் போடுங்கள். பிழையாகப் போட்டால் காத்திருக்க வைக்கும். உள்ளே போனதும் வேறு எதையும் தட்டாமல் நேரே கலரிக்குப் போய் அண்ணாவின் படத்தை எடுங்கள். வட்ஸ்அப்பில் மகனின் போனுக்கு அனுப்புங்கள். படமாக அனுப்பாமல் "டொக்கியுமென்ட்" என்று தெரிவு செய்து அனுப்பினால் தரம் குறையாமல் போகும். டேட்டா இல்லையென்றால் ஒரு வயரால் கொம்பியூட்டருக்கு எடுங்கள், அல்லது புதிதாக ஒரு மெமரி காட் போட்டு அதற்கு நகர்த்துங்கள். இது முடியும்வரை போனை அணைக்கவோ, அப்டேட்டைத் தொடரவோ வேண்டாம். இன்னொரு தரம் எழும்பும் என்று உறுதியில்லை. மற்றப் படங்களும் எண்களும் அப்புறம். பிறகு ஸ்டூடியோவில் இரண்டு பிரதி அச்சடித்து, ஒன்றை மாமி வீட்டுக்குக் கொடுங்கள். அதே சுவரில் மாட்டாமல் வேறு சுவரில் மாட்டச் சொல்லுங்கள். ஒருமுறை வந்த வழியால் கறையான் திரும்ப வரும்.

நான் சொன்ன எல்லாம் செய்தும் போன் எழும்பாமல் போகவும் கூடும். மெமரி சிப்பே தேய்ந்து, எழுதப் போனால் ஏற்காமல் நிற்கிற போன்கள் உண்டு. அப்படி என்றால் அதை ஒளிக்காமல் சொல்வேன். அந்த நிலையிலும் ரீசெட் செய்யாமல் போனை ஒரு பையில் போட்டுக் கறையான் ஏறாத இடத்தில் வைத்திருங்கள். இன்றைக்கு முடியாத திருத்தம் சில வேளை பிறகு முடியும். அழித்ததை மட்டும் எந்தக் காலத்திலும் கொண்டுவர முடியாது.

கடைக்குப் போகும்போது சிம்மைக் கழற்றிக்கொண்டு போங்கள். பின் நம்பரைத் துண்டில் எழுதி யாரிடமும் கொடுக்க வேண்டாம். போன் எழும்பியதும் நீங்களே உங்கள் கையால் போடுங்கள். போனை விட்டுவிட்டு வராமல் பக்கத்தில் இருங்கள். பெண்களின் போன் என்றால் இதை நான் கட்டாயம் சொல்வேன், உள்ளே இருப்பது உங்கள் வீடு. "இருக்க இடமில்லை, பிறகு வாங்கோ" என்று சொல்கிற கடையாக இருந்தால் வேறு கடை பாருங்கள்.

என்னிடம் வருவதென்றாலும் வாருங்கள். பரந்தன் சந்தியில் இறங்கிக் கிளிநொச்சிப் பக்கம் வருகிற எந்த பஸ்ஸும் சரி. காலையில் வாருங்கள், கோப்பு இறங்க நேரம் வேண்டும். போனோடு வந்த சார்ஜர் வயரைக் கொண்டு வாருங்கள். போன் பெட்டி இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், மொடலும் ஐஎம்இஐ இலக்கமும் அதில்தான் அச்சிட்டிருக்கும். மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவன் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், ஒவ்வொரு வரியையும் அமத்த முதல் அவனைத்தான் வாசிக்கச் சொல்வேன்.